சாதி இல்லாத வேதத்தில் எஸ்.சி. சான்றிதழ் எதற்கு?

வாசகர் கேள்வி — 10 ஆகஸ்ட் 2025

இன்று காலை எங்கள் தெருமுனை ஆர்.சி. கோயில் வாசலில் கறுப்புக் கொடி. விசாரித்தால், கிறிஸ்தவர்களுக்கும் எஸ்.சி. சலுகை வேண்டுமாம். "எங்களிடம் சாதி இல்லை, வாருங்கள்" என்று கூப்பிட்டவர்கள் நீங்கள். வந்தபின் சாதிச் சான்றிதழ் கேட்பதும் நீங்கள். ஒன்று உங்கள் வேதம் பொய், இல்லை உங்கள் கோரிக்கை பொய். எது என்று கத்தோலிக்கர் யாராவது சொல்லுங்கள்.

10 ஆகஸ்ட், இரவு

நான் சொல்கிறேன். ஏழு தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிறு பூசை தவறாது.

இரண்டும் பொய் இல்லை. "களவு செய்யாதே" என்று பத்துக் கட்டளையில் இருக்கிறது. அதற்காகக் கோயில் உண்டியலுக்குப் பூட்டுப் போடாமலா இருக்கிறோம்? வேதம் சொல்வது ஒன்று, ஊர் நடப்பது ஒன்று.

கறுப்புக் கொடி இன்றைக்கு ஏன் என்றால், 1950 ஆகஸ்ட் 10-ல்தான் பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் அதைத் திருத்தி சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்தார்கள். அந்த இரண்டு மதமும் சாதியை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களிடம் யாரும் "உங்கள் வேதம் பொய்யா" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

11 ஆகஸ்ட்

ஒரு திருத்தம். 1956-ல் சீக்கியர் மட்டும்தான். பௌத்தர்களைச் சேர்த்தது 1990-ல். ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். அம்பேத்கர் பௌத்தம் தழுவியதும் 1956, அதில் குழம்பிவிட்டேன். அவரோடு போனவர்களுக்கு இந்த உரிமை திரும்பக் கிடைக்க 34 வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு 75 வருடமாகக் கிடைக்கவில்லை.

12 ஆகஸ்ட்

"சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் இருக்கிறார்களே. எஸ்.சி.க்கு 18 சதவீதம், பி.சி.க்கு 26.5. பெரிய சட்டிதானே?" என்று ஒருவர்.

சட்டி பெரிசுதான். பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நிலம், ரைஸ் மில், அரசு வேலையில் மூன்று தலைமுறை என்று வந்தவர்களோடு, அவர்கள் வயலில் நடவு நட்டவர் வீட்டுப் பிள்ளை போட்டி போட வேண்டும். ஊராட்சித் தலைவர் பதவியை எஸ்.சி.க்கு ஒதுக்கினால் அவர் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அடித்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குச் சட்டப்படி உதவாது. அடிப்பவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

சூசை வழக்கு என்று ஒன்று உண்டு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் கிறிஸ்தவர், அதனால் இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985-ல் தள்ளுபடி. அதே தொழில், அதே பிளாட்பாரம், அதே ஊசி. இதற்கு மேல் என்ன ஆதாரத்தைக் கொண்டுபோவது?

அதன் பிறகு நடந்ததெல்லாம் கமிஷன் கதை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னது, எடுக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொன்று, இரண்டு வருடக் கெடு, பிறகு நீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எங்கள் பங்கில் (ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கிற கோயில் வட்டாரத்தைப் பங்கு என்போம்) அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள். நானும் ஒரு சரம் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பற்றி இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

15 ஆகஸ்ட்

விண்ணேற்பு அன்னை திருநாள், சுதந்திர தினம், இரண்டும் ஒரே நாள். காலையில் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பார்கள். சின்ன வயதில் மாதா பிறந்தநாளுக்குத்தான் நாடு முழுக்க லீவு விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். (மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8 என்று உபதேசியார் தலையில் குட்டியது இன்னும் நினைவிருக்கிறது.)

இன்று பூசையில் தூம்பா நினைவு வந்தது.

ஆர்.சி. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூம்பா என்பது பங்குக்குப் பொதுவான சவப்பெட்டி. செத்தவரை அதில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோய், உடலை எடுத்துக் குழியில் இறக்கிவிட்டுத் தூம்பாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் ஊர்த் தூம்பா தேக்கு. நாலு மூலையிலும் பித்தளை வளையம், மேலே கறுப்புத் துணி, துணியில் வெள்ளைச் சிலுவை. கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வௌவால் எச்சத்தோடு இருக்கும். ஒளிந்து விளையாடும்போது ஒருமுறை அதற்குள்ளேயே படுத்துவிட்டு, வீட்டில் வேப்பங்குச்சியால் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

1991 ஐப்பசி. அடைமழை. காலனியில் என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவனின் அம்மா இறந்துவிட்டார். அவன் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், தலையில் யூரியா சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு. திண்ணையில் ஏறவில்லை. "மழையா இருக்கு, தூம்பா கெடச்சா தேவலைங்க" என்றார். அப்பா கோயில் நிர்வாகத்தில் இருந்தார், தூம்பாச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அப்பா கோபப்படவில்லை, திட்டவில்லை. "அது வழக்கமில்லையே" என்றார். அவ்வளவுதான். பாடை கட்டித்தான் தூக்கினார்கள். மழையில் பாடைத் தென்னங்கீற்று ஒட்டிக்கொண்டு தொங்கியது. நான் பள்ளி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் தூம்பா காய்ந்து கிடந்தது.

ஒரே சாமியார், ஒரே செபம், ஒரே நற்கருணை. வேதம் பொய்யா என்று கேட்டீர்களே, அன்றைக்கு எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

16 ஆகஸ்ட்

"சாதியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், உங்கள் சாதியை மட்டும் எழுதவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். உடையார்.

17 ஆகஸ்ட்

அம்மாவிடம் போனில் பேசினேன், தூம்பா கதையைச் சொன்னேன். "சாவி நம்ம வீட்ல எங்கடா இருந்துச்சு? கோயில்பிள்ளை வீட்லதான் இருந்துச்சு. ஆனா அப்பாவக் கேக்காம அவரு குடுக்க மாட்டாரு" என்றார். (கோயில்பிள்ளை என்பது கோயில் வேலைகளைக் கவனிப்பவர்.) ஆக, சாவி எங்கள் வீட்டில் இருந்தது என்று நான் எழுதியது தப்பு. அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

தூம்பா போர்த்துகீசியச் சொல். சாவியும் போர்த்துகீசியம்தான். மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் அங்கிருந்து வந்தவை. சாதி மட்டும் உள்ளூர்ச் சரக்கு, இறக்குமதி தேவைப்படவில்லை.

24 ஆகஸ்ட்

"உள்ளூர்ச் சரக்கு என்று சொல்லி வெள்ளைக்காரச் சாமியார்களைத் தப்பவிடுகிறீர்கள்" என்று ஒரு பெரியவர். ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டு நகைச்சுவை செய்துவிட்டேன்.

1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்கிற ராபர்ட் டி நொபிலி, பூணூல் போட்டு, சைவ உணவு உண்டு, உயர்சாதிக்காரர்களிடம் போனார். சில பத்தாண்டுகளில் பண்டாரசாமிகள் என்று வேறொரு வரிசை சாமியார்கள் வந்தார்கள், மற்ற சாதியாருக்காக. நொபிலியைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு, தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இரண்டு வரிசைச் சாமியார் என்பது எங்கள் ஊர்த் தூம்பா வழக்கத்துக்கு முன்னோடி. 1744-ல் ரோமிலிருந்தே போப்பாண்டவர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பறையருக்குத் தனியாகச் சாமியார் வைத்துக்கொள்ள ஏற்பாட்டை ஒத்துக்கொண்டார்.

வடக்கன்குளம் போயிருக்கிறீர்களா? திருநெல்வேலி மாவட்டம், நாகர்கோவிலுக்குப் போகிற வழி. அங்கே 1872-ல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு கால். ஒன்றில் வேளாளர், ஒன்றில் நாடார், சேருமிடத்தில் ஒரே பீடம். பீடத்தில் நிற்கிற சாமியார் இரண்டு பக்கத்தையும் பார்க்கலாம். இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கத்துக்காரரைப் பார்க்க வேண்டியதில்லை. கட்டடம் கட்டியவர் மூளையை மெச்ச வேண்டும். 1910-ல் கௌசானல் அடிகளார் பிரிவினைத் தடுப்பை எடுத்துவிட்டார். உடனே வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வேளாளர் தரப்பு தோற்றது. ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் தன் சொந்தப் பங்கு மக்கள்மேல் பகையைச் சம்பாதித்துக்கொண்டு செய்த காரியம் அது.

இதே ஊரில்தான் 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1752-ல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுக்கும்போது வத்திக்கான் "பிள்ளை"யை எடுத்துவிட்டது. அதற்கும் இங்கே சிலர் வருத்தப்பட்டார்கள். மோட்சத்துக்குப் போனவருக்கும் சாதிப்பட்டம் வேண்டும் என்று வாதாடுகிற கூட்டம் நாங்கள்.

7 செப்டம்பர்

அந்த நண்பன் இதைப் படித்துவிட்டான். யார் அனுப்பினார்களோ. மாவட்டத் தலைநகரில் அரசு வேலை, நல்ல பதவி. போனில் முதல் வார்த்தையே: "பாடைல போனது எங்கம்மா இல்லடா, பெரியம்மா. அம்மா இப்பவும் நல்லாத்தான் இருக்கு. உயிரோட இருக்கறவங்களக் கொன்னுட்டியே."

முப்பத்துநாலு வருடமாக அவன் அம்மாவைச் செத்தவராகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை என்பதும் இதில் தெரிந்துபோகிறது.

பிறகு அவன் சொன்னதை அவன் அனுமதியோடு எழுதுகிறேன். பங்கு ஏட்டில் அவனுக்கு ஒரு அப்போஸ்தலர் பெயர். பள்ளி டி.சி.யில் வேறு பெயர், இந்து, ஆதிதிராவிடர். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே அவன் அப்பா அப்படி எழுதச் சொல்லிவிட்டார். கல்யாணம் கோயிலிலும் நடந்தது, பதிவு அலுவலகத்திலும் நடந்தது. கோயில் பத்திரிகை தனி, அலுவலகத்தில் கொடுத்த பத்திரிகை தனி. வீட்டு முன்னறையில் முருகன் காலண்டர், சமையலறையில் மாதா. மகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) வைத்தபோது போட்டோ எதையும் வாட்ஸ்அப்பில் போடவேண்டாம் என்று உறவினரிடம் கெஞ்சியிருக்கிறான்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின்மீது செய்கிற மோசடி என்றது. அன்று இரவு அவனுக்குத் தூக்கம் இல்லை. "மோசடிங்கறாங்க. நான் யார ஏமாத்துறேன்? சர்க்காரையா, சேசுவையா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வாயா என்று கேட்டேன். "எதுக்கு? இது நான் செஞ்ச பாவமா?"

8 செப்டம்பர்

மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணியில் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும்போது யார் என்ன ஆள் என்று யாருக்கும் தெரியாது, அங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கும் என்று அக்கா எழுதியிருக்கிறார். உண்மைதான். நடந்து போகும்போது எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் அடுத்தது எந்தத் தெரு.

21 செப்டம்பர்

பட்டாசு விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பன் போனை வைக்கும்முன் கேட்டான்: "மூணாவது பத்திய எடுத்துட்டா உனக்கு என்னடா நஷ்டம்?" யோசித்தேன். ஒன்றும் இல்லை. கூட்டிக் கழித்தால் லாபம். அவர்கள் எஸ்.சி. பட்டியலுக்குப் போனால் என் மகனுக்கு பி.சி. வரிசையில் கூட்டம் குறையும். பங்கு போடப்போவது இந்து தலித்துகளின் 18 சதவீதம். அவர்கள் இந்தக் கோரிக்கையைச் சந்தேகத்தோடு பார்ப்பதை மதவெறி என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டாமல் ஆளை மட்டும் கூட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் என்னைப்போன்றவன் அதைக் கத்திச் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை. கறுப்புக் கொடி டில்லிக்குக் காட்டுகிறோம். கல்லறைக்குக் காட்டினால் ஊரில் சோறு தண்ணி கிடைக்காது.

தன் பங்கு என்று வந்தால் நாங்கள் கணக்கில் கெட்டி. 2007-ல் கிறிஸ்தவர்களுக்குத் தனியாக 3.5 சதவீத ஒதுக்கீடு கொடுத்தார்கள். பொதுப் பட்டியலில் இருந்தபோது கிடைத்ததைவிடக் குறைவாக வருகிறது என்று தெரிந்ததும் 2008-லேயே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரே வருடத்தில் ஆயர்கள், எல்லாச் சபைகளும் ஒரே குரல். 2008 என்றால் இன்னொன்றும் நினைவு வர வேண்டும்: அதே வருடம் மார்ச் 9, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூர். தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர், எதிர்த்த வன்னியக் கத்தோலிக்கர், நடுவில் போலீஸ். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பொதுப் பாதையில் சவ ஊர்வலம், பொதுத் தூம்பா, இல்லையென்றால் எங்களை விடுங்கள், தனியாகப் போகிறோம். அதற்கு ஒரே குரல் வரவில்லை.

மேலிடத்தில் சொல்லாமல் இல்லை. 2003-ல் தமிழக ஆயர்களிடம் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் சாதியைக் கடுமையாகக் கண்டித்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவையே கொள்கை அறிக்கை போட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கரில் பாதிக்கு மேல் தலித்துகள். முதல் தலித் கர்தினால் ஐதராபாத் அந்தோணி பூலா, 2022-ல். தோமையார் வந்த திருச்சபை, இரண்டாயிரம் வருடப் பாரம்பரியம் என்று மார்தட்டுகிறோம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். "முதலில் உன் வீட்டைச் சுத்தம் பண்ணு, பிறகு சலுகை கேள்" என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். என் வீடு அழுக்கு என்பதற்காக அவனுக்குச் சேரவேண்டியதை ஏன் நிறுத்த வேண்டும்? தூம்பா மறுத்தது என் அப்பா. சான்றிதழை இழப்பது நண்பன்.

5 அக்டோபர்

ஞாயிறு பேப்பர் மணமகள் தேவை: "ஆர்.சி. உடையார், பி.இ., தனியார் வங்கி, நல்ல விசுவாசக் குடும்பம்." இதில் விசுவாசத்துக்கு எந்த இடம் என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என் கல்யாணமும் இப்படித்தான் நடந்தது.

12 அக்டோபர்

தூம்பா கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். பின்னால் வந்த பங்குச் சாமியார் ஒருவர் சமாதானம் செய்து வைத்தார். எப்படி? காலனிக்கு இன்னொரு தூம்பா வாங்கிக் கொடுத்தார். இரண்டு தரப்புக்கும் திருப்தி என்று பங்குப்பேரவை ஏட்டில் எழுதினார்களாம். இப்போது இரண்டும் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. டவுனிலிருந்து சொர்க்க ரதம் வாடகைக்கு வருகிறது, ஃப்ரீசர் பெட்டியோடு. அந்த வண்டிக்காரர் எல்லாத் தெருவுக்கும் வருகிறார், ஒரே ரேட்.

கல்லறையில் மட்டும் நடுச்சுவர் இருக்கிறது. இரண்டு வாசல்.

3 நவம்பர்

நேற்று கல்லறைத் திருநாள், ஊருக்குப் போயிருந்தேன். அப்பா கல்லறைக்குச் சாமந்தி மாலை, ஒரு கட்டு மெழுகுவர்த்தி. சாமியார் எங்கள் பக்கம் மந்திரித்து முடித்து, தீர்த்தச் செம்போடு வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். சுவர் நெஞ்சு உயரம்தான். நண்பன் அவன் பெரியம்மா கல்லறையில் நின்றுகொண்டிருந்தான், பக்கத்தில் அவன் அம்மா. சுவருக்கு மேலே தலை தெரிந்தது. அம்மா கையைத் தூக்கி, "செத்துப்போனவ வந்திருக்கேன், பாத்துக்க" என்றார். நான் கும்பிட்டேன். சுற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன், அதற்குள் சித்தப்பா மகன் வந்துவிட்டான். அவன்தான் இப்போது பங்குப்பேரவைப் பொருளாளர்.

சுவர் புதிதாக இருக்கிறதே என்று கேட்டேன். "நீங்க குடுத்ததுதாண்ணே" என்றான். நான் எங்கே கொடுத்தேன்? போனை எடுத்துக் காட்டினான். 2019, கல்லறைச் சீரமைப்பு நிதி, ஜிபேயில் மூவாயிரம். மறந்தே போயிருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த வேண்டுகோளைப் படிக்காமல் அனுப்பியிருப்பேன். மழையில் நடுவில் ஒரு பக்கம் சரிந்துவிட்டதாம், எடுத்துக் கட்டினார்களாம்.

"இதுக்கா குடுத்தேன்?"

"இதுக்கு மட்டும் இல்லண்ணே, மிச்சக் காசுல வெள்ளையும் அடிச்சோம்" என்றான். நான் கோபித்துக்கொள்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தயங்கி, "ரெண்டு பக்கமும் அடிச்சோம்ணே" என்றான்.